ஆணையைக் கையில் வாங்குகிறவர்களுக்கு

வணக்கம்.

1977 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சிக்கு ஒரு வயது நிரம்பியது. அந்தத் தேதியிட்டு ரொடோல்ஃபோ வால்ஷ் என்ற பத்திரிகையாளர் ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். எத்தனை பேரைக் காணவில்லை, எத்தனை பேரைக் கொன்றீர்கள், உழைக்கிறவர் கூலி எவ்வளவு சரிந்தது என்று அந்த ஓராண்டின் கணக்கை வரிசையாக எடுத்து வைத்தார். கீழே தன் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதினார். மறுநாள் அதன் படிகளைத் தபாலில் சேர்த்துவிட்டு புவெனஸ் ஐரிஸ் தெருவில் நடந்தபோது, அவருக்காகக் காத்திருந்த கடற்படைக் குழு ஒன்று அவரைச் சுட்டது. உடலைக் குடும்பத்தின் கண்ணில் காட்டவே இல்லை.

அந்தத் தெருவில் காத்திருந்தவர்களைப் பற்றித்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன். ஆட்சிக்குழுவில் இருந்த மூன்று தளபதிகளில் ஒருவரும் அங்கே வரவில்லை. வந்தவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். மடலின் மேலே எழுதியிருந்த முகவரி தளபதிகளுடையது. துப்பாக்கியை நீட்டியது வேறு கைகள்.

அதனால் இந்த மடலை நான் மேலே அனுப்பவில்லை. அடக்குமுறை அரசு ஒன்றின் கீழ் வேலை பார்க்கும் காவலருக்கு, படைவீரருக்கு, சிறை எழுத்தருக்கு, அரசு மருத்துவருக்கு, தேர்தல் அலுவலருக்கு, இணையத்தைத் துண்டிக்கச் சொல்லி நள்ளிரவில் தொலைபேசி வந்தால் எடுக்க வேண்டிய பொறியாளருக்கு, நீதிபதிக்கு அனுப்புகிறேன். உங்கள் நாடு எது, உங்கள் அரசு தனக்கு என்ன பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். மேலிருந்து இறங்கி வரும் ஆணை மனிதர்கள் மேல் விழுவதற்கு முன் கடைசியாக உங்கள் கையில்தான் தங்குகிறது. அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று ஒரு பழமொழி இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்காக இரக்கப்பட்டுச் சொல்லப்பட்டது போலவே இருக்கும். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்தேன். பாவம், அவர் என்ன செய்வார், மேலே சொன்னதைச் செய்கிறார், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று. ஆனால் அம்புக்குக் காது கிடையாது. யார் மேல் பாயப்போகிறோம் என்று அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிகிறது. வேனில் ஏற்றும்போது அந்தப் பையன் கதறுவது உங்களுக்குக் கேட்கிறது. கைதியின் முதுகில் இருக்கும் தடத்தை நீங்கள் பார்க்கிறீர்கள். பார்த்த பிறகு உங்களை அம்பு என்று சொல்வது இரக்கம் ஆகாது. உங்களை மனிதரே இல்லை என்று சொல்வதாகிவிடும். அந்த அவமதிப்பை உங்களுக்குச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

சிரியாவில் இயாத் அல்-காரிப் என்று ஒரு உளவுத்துறை அலுவலர் இருந்தார். பெரிய பதவி இல்லை. 2011-ல் டூமா நகரில் ஊர்வலம் போனவர்களில் குறைந்தது 30 பேரைப் பிடித்துப் பேருந்துகளில் ஏற்றி, டமாஸ்கஸில் இருந்த ஒரு சித்திரவதைச் சிறைக்குக் கொண்டுபோனதில் அவருக்குப் பங்கு இருந்தது. அடுத்த ஆண்டே வேலையை விட்டுத் தப்பினார். பிறகு ஜெர்மனியில் அடைக்கலம் கேட்டார். நடந்ததைப் பற்றி அங்கே அவரே அதிகாரிகளிடம் சொன்ன விவரங்கள்தான் அவர்மேல் வழக்காயின. 2021 பிப்ரவரியில் கோப்லென்ஸ் நகர நீதிமன்றம் அவருக்கு நாலரை ஆண்டு சிறை விதித்தது. மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்குத் துணைபோனார் என்பது தீர்ப்பு. அவர் விட்டு விலகியதும், வாய் திறந்து பேசியதும், ஆணைக்குக் கட்டுப்பட்ட நிலையில் இருந்ததும் தண்டனையைக் குறைத்தன. ஆனால் குற்றமே இல்லை என்று ஆக்கவில்லை. அதே வழக்கில் அவருக்கு மேலே இருந்த விசாரணைத் தலைவருக்கு 2022-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. எய்தவனையும் அம்பையும் அந்த நீதிமன்றம் ஒரே வழக்கில் நிறுத்தியது, ஆனால் ஒரே தராசுத் தட்டில் வைக்கவில்லை. அதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

"மேலிடத்து உத்தரவு" என்ற சொல் காப்பாற்றும் என்று நீங்கள் நம்பியிருந்தால், அதன் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் வழக்குகளுக்குப் பிறகு 1950-ல் ஐக்கிய நாடுகளின் சர்வதேச சட்ட ஆணையம் வகுத்த கோட்பாடுகளில் நான்காவது இதைப் பற்றித்தான்: தன் அரசோ மேலதிகாரியோ ஆணையிட்டதால் செய்தேன் என்பது ஒருவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது, மாற்றுவழி ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவருக்கு உண்மையிலேயே இடம் இருந்திருந்தால். அர்ஜென்டினாவில் 1987-ல் கீழ்நிலை அதிகாரிகளைக் காப்பாற்ற ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர்கள் மேல் வழக்கு இல்லை என்றது அது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2005-ல், அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. வால்ஷைச் சுட்ட குழு இயங்கிய கடற்படைப் பள்ளியின் வழக்கில் 2011-ல் 12 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். தண்டனை பெற்றவர்கள் அப்போது வயதானவர்கள். நடுவில் 34 ஆண்டுகள் போயிருந்தன.

இதையெல்லாம் உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பயத்தில் இருப்பவரிடம் இன்னொரு பயத்தைக் காட்டுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உங்களைப் பயத்தால்தான் நடத்துகிறார்கள், அதே சரக்கை நானும் ஏன் விற்க வேண்டும்? மறுக்க இடமிருந்ததா என்ற கேள்வியை ஒருநாள் யாராவது கேட்பார்கள் என்பதற்காகச் சொன்னேன். இடம் இருக்கிறது. நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது.

தென்கொரியாவைப் பாருங்கள். 2024 டிசம்பர் 3 இரவு பத்தரை மணி வாக்கில் அதிபர் யூன் சுக்-யோல் தொலைக்காட்சியில் தோன்றி இராணுவச் சட்டத்தை அறிவித்தார். சிறப்புப் படையினர் ஹெலிகாப்டரில் நாடாளுமன்றத்தில் இறங்கினார்கள். மக்கள் வாசலில் திரண்டு வாகனங்களை மறித்தார்கள். உறுப்பினர்கள் சுவரேறிக் குதித்து உள்ளே போனார்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு, வந்து சேர்ந்திருந்த 190 பேரும் இராணுவச் சட்டத்தை நீக்க வாக்களித்தார்கள். ஆறு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. உலகம் முழுக்க அந்த மக்களையும் அந்த உறுப்பினர்களையும் பாராட்டியது. சரிதான், அவர்களுக்கு அந்தப் பாராட்டு தகும். ஆனால் அங்கே இன்னொன்றும் நடந்தது. உள்ளே இருக்கும் உறுப்பினர்களை இழுத்து வெளியே கொண்டுவா என்று தனக்கு ஆணை வந்ததாகத் தலைநகர்ப் பாதுகாப்புப் படைப் பிரிவு ஒன்றின் தளபதி, கர்னல் சோ சுங்-ஹ்யூன், பிறகு அரசியலமைப்பு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். பின்னால் வந்துகொண்டிருந்த துருப்புகளிடம் சோகாங் பாலத்தைத் தாண்ட வேண்டாம், அங்கேயே நில்லுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார்.

அவ்வளவுதான் அவர் செய்தது. கோஷம் போடவில்லை, துப்பாக்கியைத் திருப்பவில்லை, சீருடையைக் கழற்றி எறியவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கமே நில்லுங்கள் என்று ஒரு வாக்கியம். 2025 ஏப்ரல் 4 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அதிபரைப் பதவிநீக்கம் செய்தபோது, நாடாளுமன்றம் அவ்வளவு சீக்கிரம் கூடி வாக்களிக்க முடிந்ததற்கு இரண்டு காரணங்களைத் தீர்ப்பிலேயே குறிப்பிட்டார்கள். ஒன்று குடிமக்களின் எதிர்ப்பு. மற்றொன்று படையினரும் காவலர்களும் ஆணையை மனமில்லாமல், மெதுவாக நிறைவேற்றியது. மெதுவாக நடந்ததற்காக ஒரு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் நன்றி சொல்வது போன்ற அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏனென்றால் அந்த மெதுநடைக்குப் பின்னால் ஒரு பழைய கடன் இருக்கிறது. 1980 மே மாதம் அதே நாட்டில் குவாங்ஜு நகரில் இராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்றது. அந்த மாகாணத்தின் காவல்துறைத் தலைவராக இருந்த ஆன் பியுங்-ஹா, மக்கள் மீது ஆயுதத்தைத் திருப்பச் சொன்னதை ஏற்கவில்லை. அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள், பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தார்கள். அதன் விளைவுகளோடே எட்டு ஆண்டு வாழ்ந்து 1988-ல் இறந்தார். அவர் இறந்தபோது அவர் செய்தது சரியென்று அரசு சொல்லவில்லை. இன்று அந்நாட்டுக் காவல்துறையே அவர் பெயரைப் பெருமையாகச் சொல்கிறது. 2024-ல் அந்தப் பாலத்தருகே நின்ற இளம் சிப்பாய்கள் குவாங்ஜுவைப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள். ஆனின் மறுப்பு வீணாகப் போகவில்லை. ஆனால் அதன் பலனை அவர் பார்க்கவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

விலை கொடுத்தவர்களின் கதையைச் சொல்லாமல் உங்களிடம் பேசினால் நான் ஏமாற்றுகிறவனாவேன். 1989-ல் சீனாவில் மாணவர் போராட்டத்தை அடக்கப் பெய்ஜிங்குக்குள் படையுடன் நுழையும்படி 38-ஆவது படைத் தொகுதியின் தளபதி ஷு சின்சியனுக்கு ஆணை வந்தது. அவர் மறுத்தார். இராணுவ நீதிமன்றம் ஐந்தாண்டு சிறை விதித்தது, கட்சியிலிருந்தும் நீக்கினார்கள். அவருடைய படைத்தொகுதி வேறு தலைமையில் நகருக்குள் போனது. தியானன்மென் சதுக்கத்தைச் சுற்றி நடந்தது நடந்தேவிட்டது. அவர் ஒருவர் மறுத்ததால் ஒரு தோட்டாவும் நின்றதாக யாரும் நிரூபிக்க முடியாது. 2021-ல் அவர் இறந்தார். அப்படியானால் அந்த மறுப்புக்கு என்ன பொருள் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: அவர் கையால் அது நடக்கவில்லை. பெரிய பதில் இல்லை இது. ஆனாலும் முப்பது ஆண்டுக்கும் மேல் அதோடு வாழ அவரால் முடிந்தது.

நீதிபதிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நெருக்கடி நிலை இருந்தது. விசாரணையில்லாமல் பிடித்து வைத்தவர்கள் நீதிமன்றத்தை நாடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே ஐந்து நீதிபதிகள். ஒரு காவலர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால்கூட இப்போது நிவாரணம் இல்லையா என்று நீதிபதி எச். ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்று அரசின் தலைமை வழக்கறிஞர் ஒப்புக்கொண்டார். அதைக் கேட்ட பிறகும், 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் தீர்ப்பெழுதினார்கள். கன்னா மட்டும் மறுத்து எழுதினார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி பணிமூப்புப்படி அவருக்கு வந்திருக்க வேண்டும். அவரைத் தாண்டி வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் விலகிவிட்டார். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறென்று தூக்கியெறிந்தபோது, அதை எழுதியவர்களில் டி. ஒய். சந்திரசூட்டும் ஒருவர். தூக்கியெறியப்பட்ட பழைய தீர்ப்பில் கையெழுத்துப் போட்ட நால்வரில் அவருடைய தந்தையும் ஒருவர். ஐயா, நீங்கள் எழுதும் தீர்ப்பை ஒருநாள் உங்கள் பிள்ளையே எடுத்துப் படிக்க நேரலாம்.

தேர்தல் அலுவலர்களே, உங்கள் வேலையைப் போல எளிமையானதும் ஆபத்தானதும் வேறில்லை. எண்ணியதை எண்ணியபடி சொல்வதுதான் வேலை. காம்பியாவில் வாக்குச்சீட்டுக்குப் பதில் கோலிக்குண்டு. வேட்பாளரின் நிறமடித்த பீப்பாய்க்குள் குண்டைப் போட வேண்டும்; உள்ளே மணி ஒன்று அடிக்கும், இரண்டு முறை அடித்தால் கள்ள ஓட்டு என்று தெரிந்துவிடும். 2016 டிசம்பர் 1 தேர்தலில் வாக்குச்சாவடியிலேயே, எல்லோர் கண்முன்பும் எண்ணினார்கள். 22 ஆண்டுகள் ஆண்ட யாஹ்யா ஜாமே தோற்றுவிட்டார். அதைத் தேர்தல் ஆணையத் தலைவர், எண்பது வயது தாண்டிய அலியு மொமர் நிஜாய், தொலைக்காட்சியில் படித்தார். முதலில் தோல்வியை ஒப்புக்கொண்ட ஜாமே ஒரு வாரத்தில் மாற்றிப் பேசினார். ஆணைய அலுவலகத்தைப் படையினர் கைப்பற்றினார்கள், முதியவர் உயிருக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓட வேண்டியிருந்தது. ஆனால் படித்த எண்ணைத் திரும்ப அழிக்க முடியவில்லை. 2017 ஜனவரி 21 அன்று ஜாமே விமானமேறினார்.

பிலிப்பைன்ஸில் 1986 பிப்ரவரி 9 இரவு, வாக்குகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்நுட்பப் பணியாளர்கள் வேலையை விட்டு எழுந்து வெளியே நடந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். தாங்கள் ஏற்றும் எண் ஒன்றாகவும் பலகையில் வரும் எண் வேறாகவும் இருந்தது, அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியிருந்த காரணம். அங்கிருந்து ஒரு தேவாலயத்தில் போய் அடைக்கலம் புகுந்தார்கள். பதினாறு நாளில் சர்வாதிகாரி மார்க்கோஸ் ஓடினார். மார்க்கோஸைத் துரத்தியது வீதியை நிறைத்த லட்சக்கணக்கான மக்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த மக்களுக்கு நீங்கள் ஏமாற்றப்படுகிறீர்கள் என்று உள்ளே இருந்து சொன்னவர்கள் அந்தப் பெண்கள்.

மருத்துவர்களிடம் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். சித்திரவதை நடக்கும் இடத்தில் உங்கள் கையெழுத்து ஒரு கருவி. தென்னாப்பிரிக்காவில் 1977 செப்டம்பரில் நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஸ்டீவ் பீகோ போர்ட் எலிசபெத் நகரில் காவலில் அடிபட்டு மூளைக் காயத்தோடு கிடந்தபோது, அவரைப் பார்த்த அரசு மருத்துவர் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை என்று சான்று எழுதினார். பிறகு அவரை ஒரு வண்டியின் பின்பகுதியில் போட்டு 1,000 கிலோமீட்டருக்கும் மேல் கொண்டுபோனார்கள். செப்டம்பர் 12 அன்று அவர் இறந்தார். எட்டு ஆண்டு கழித்து, அதே போர்ட் எலிசபெத் நகரில், அதே மாவட்ட மருத்துவ அலுவலகத்தில் வெண்டி ஓர் என்ற இளம் மருத்துவர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கைதிகள் வரிசையாகக் காயங்களோடு வந்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார். எங்கே வீக்கம், எங்கே பிரம்புத் தடம், எந்தக் காதில் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்று. 1985 செப்டம்பரில் அதை அப்படியே பிரமாணப் பத்திரமாக நீதிமன்றத்தில் வைத்தார். கைதிகளைத் தாக்கக் கூடாது என்று நீதிமன்றம் காவல்துறைக்குத் தடையாணை போட்டது. ஒரே அலுவலகம்தான், ஒரே மாதிரி படிவம்தான் இருவருக்கும்.

இந்த இடத்தில் நீங்கள் சொல்லக்கூடியது எனக்குத் தெரியும். "நான் கன்னா இல்லை, வெண்டி ஓர் இல்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. நாளைக்கு வேலை போனால் அடுத்த மாதம் வாடகை இல்லை. நான் மறுத்தால் என்னையும் அதே அறைக்குள் தள்ளுவார்கள்." இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. உங்கள் இடத்தில் நான் நின்றதில்லை, நின்றால் என்ன செய்வேன் என்று சத்தியம் செய்யவும் மாட்டேன். வெளியே பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு பிறரைத் தியாகம் செய்யச் சொல்வது எளிது.

ஆகவே மறுக்க முடியாதவர்களிடம் நான் கேட்பது வேறு. எழுதுங்கள். எழுதியதை அழிக்காதீர்கள்.

கொடுங்கோல் ஆட்சிகள் எல்லாவற்றையும் விடப் பயப்படுவது காகிதத்துக்குத்தான். 1989 கடைசியில் கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல்துறை தன் கோப்புகளைக் கிழிக்கத் தொடங்கியது. இயந்திரங்கள் சூடேறி நின்றபோது கையால் கிழித்தார்கள். 1990 ஜனவரி 15 அன்று மக்கள் பெர்லினில் இருந்த தலைமையகத்துக்குள் புகுந்து நிறுத்தினார்கள். அப்படியும் கிழிந்த துண்டுகளாகவே சுமார் 16,000 மூட்டைகள் மிஞ்சின. முழுதாகத் தப்பிய கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர். 1992-லிருந்து அவரவர் கோப்பை அவரவர் படிக்கலாம் என்றானது. லட்சக்கணக்கானோர் போய்ப் படித்தார்கள். சிலர் தங்களைக் காட்டிக்கொடுத்தது சொந்தக் கணவன் என்று அங்கேதான் தெரிந்துகொண்டார்கள்.

குவாத்தமாலாவில் 2005-ல் தேசியக் காவல்துறையின் கைவிடப்பட்ட ஆவணக் குவியல் ஒன்று கிடைத்தது. சுமார் 8 கோடிப் பக்கங்கள், ஈரத்திலும் எலிப்புழுக்கையிலும் கிடந்தன. 1984-ல் காணாமல் போன தொழிற்சங்கத் தலைவர் ஃபெர்னாண்டோ கார்சியா வழக்குக்கு அதிலிருந்துதான் சான்று கிடைத்தது. அவரைப் பிடித்த அதே நாளில், அதே இடத்தில் நடந்த நடவடிக்கைக்காகக் காவலர்களைப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்த தாள்கள் உள்ளே இருந்தன. 2010-ல் இரண்டு காவலர்களுக்கு 40 ஆண்டு சிறை. பரிந்துரையைத் தட்டச்சு செய்த எழுத்தர் அதை ஒரு சாதாரண அலுவலக வேலையாகத்தான் செய்திருப்பார். ஆனால் அவர் தேதியைச் சரியாகப் போட்டிருந்தார்.

சிரியாவில் சீசர் என்ற மறைபெயரில் அறியப்பட்ட இராணுவக் காவல்துறைப் புகைப்படக்காரரின் வேலை, சிறையில் இறந்தவர்களின் உடலைப் படமெடுத்துக் கோப்பில் சேர்ப்பது. 2011 முதல் இரண்டு ஆண்டுகள் அவர் அதைச் செய்தபடியே படங்களைப் படியெடுத்து வெளியே கடத்தினார். 2013-ல் தப்பியபோது 50,000-க்கும் மேற்பட்ட படங்கள் அவரோடு வந்தன. தன் மகனின் முகத்தை அந்தப் படங்களில் தேடிக் கண்டுபிடித்த தாய்மார் உண்டு. அது எப்படிப்பட்ட கண்டுபிடிப்பு என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் அவர்கள் தேடினார்கள். 2024 டிசம்பர் 8 அன்று அதிபர் அசாத் ஓடியதும் மக்கள் முதலில் ஓடிய இடங்களில் ஒன்று செட்னாயா சிறை. தரையில் சிதறிக் கிடந்த பதிவேடுகளை அள்ளி, கைபேசி வெளிச்சத்தில் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இதைத்தான் நான் கடைசியில் உங்களிடம் கேட்டு நிற்கிறேன், பெயர். அர்ஜென்டினாவில் பிள்ளையைத் தேடிய அம்மாக்கள் முதலில் சதுக்கத்துக்கு வரவில்லை. காவல் நிலையத்துக்கு, அமைச்சகத்துக்கு, படை முகாமுக்கு என்று ஒவ்வொரு சன்னலாகப் போய் நின்றார்கள். சன்னலுக்குப் பின்னால் உங்களைப் போல ஒருவர் ஏட்டைப் புரட்டி, அப்படி யாரும் இங்கே இல்லை என்றார். போகிற இடமெல்லாம் ஒரே முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். 1977 ஏப்ரல் 30 அன்று 14 பேர் மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டம் கூடக் கூடாது, நடங்கள் என்று காவலர் அதட்டினார். சரி என்று நடந்தார்கள், சதுக்கத்தைச் சுற்றி. வியாழக்கிழமை தோறும் அந்த நடை தொடர்ந்தது. அவர்களைக் கூட்டிய அசுசேனா விஜாஃப்ளோரை அந்த டிசம்பரிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். கரையொதுங்கிப் பெயரில்லாமல் புதைக்கப்பட்ட உடல்களில் ஒன்று அவருடையது என்று 2005-ல்தான் அடையாளம் தெரிந்தது.

இலங்கையில், கிளிநொச்சியில், 2017 பிப்ரவரி 20 அன்று தொடங்கி அம்மாக்கள் தெருவோரம் உட்கார்ந்தார்கள். 2009 மே மாதம் படையினரிடம் சரணடைந்தவர்களின், கண்ணெதிரே ஒப்படைத்த பிள்ளைகளின் பட்டியலைக் கொடுங்கள் என்பது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. பிள்ளையைக் கொடு என்று கேட்டுச் சலித்துப்போய் அவர்கள் பட்டியலுக்கு வரவில்லை. பட்டியல் வந்தால்தான் பிள்ளைக்கு என்ன ஆனது என்று கேட்கவே முடியும். பதில் கிடைக்காமல் அவர்களில் பலர் இறந்துபோனார்கள். அப்படி ஒரு பட்டியல் எப்போதாவது எழுதப்பட்டிருந்தால், அதை எழுதிய கை ஒன்று இருந்திருக்கும். அந்தக் கைக்கும்தான் இந்த மடல்.

என் பக்கத்தில் நிற்பவர்களைப் பற்றியும் உங்களிடம் நேராகப் பேசிவிடுகிறேன். வீதியில் நிற்கும் நாங்கள் எல்லோரும் உங்களை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. உங்கள் சீருடையைக் கண்டாலே கல்லெறியத் தோன்றும் ஆட்கள் எங்களில் உண்டு. தம்பியைப் பறிகொடுத்தவரிடம் நான் அமைதியைப் போதிக்க முடியாது. ஆனாலும் உங்கள் வீட்டாரைப் பழிவாங்குவது, உங்களைத் தெருவில் இழுத்துப் போட்டு அடிப்பது எதற்கும் நான் உடன்பட மாட்டேன். 1989 அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்கில் சுமார் 70,000 பேர் மெழுகுவத்தியோடு நடந்தார்கள். வன்முறை வேண்டாம் என்று கத்திக்கொண்டே போனார்கள். படைகள் தயாராக நின்றன, மருத்துவமனைகளில் ரத்தம் சேர்த்து வைத்திருந்தார்கள். சுடவில்லை. சரியாக ஒரு மாதத்தில், பெர்லின் சுவரின் போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் ஹரால்ட் யேகர் என்ற எல்லைக்காவல் அதிகாரி, மேலிடத்துக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் கேட்டும் உருப்படியான பதில் வராமல், தானே தடுப்பைத் தூக்கச் சொன்னார். கூட்டத்தில் ஒருவரும் அவரை அடிக்கவில்லை, கட்டிப்பிடித்து அழுதார்கள்.

ஆனால் நடந்ததை எல்லாம் மறந்துவிடுவோம் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படி வாக்குக் கொடுக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு மட்டும்தான். தென்னாப்பிரிக்காவில் உண்மை, நல்லிணக்க ஆணையம் முழு உண்மையைச் சொல்கிறவருக்குப் பொதுமன்னிப்பு என்று வழி திறந்தது. 7,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், 849 பேருக்கு மன்னிப்பு கிடைத்தது. கிடைக்காதவர்கள் மேலும், வராமலே இருந்தவர்கள் மேலும் தொடர வேண்டிய வழக்குகளில் பெரும்பாலானவை கிடப்பில் போடப்பட்டன. அந்தக் குடும்பங்கள் இன்னும் நீதிமன்ற வாசலில் நிற்கின்றன. உண்மைக்கு ஈடாக மன்னிப்பு என்ற ஏற்பாட்டை நான் ஏற்பேன். உண்மையும் இல்லை, விசாரணையும் இல்லை என்பதை ஏற்க மாட்டேன். நீங்கள் எங்கள் பக்கம் வந்து பேசினால் உங்களைக் கேட்க ஆள் இருக்க வேண்டும், பாதுகாக்கச் சட்டம் இருக்க வேண்டும், உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நின்றுவிடக் கூடாது. அதற்காக நாங்களும் எங்கள் தலைவர்களிடம் சண்டை போட வேண்டும். நாளைக்கு எங்களில் ஒருவர் ஆட்சியில் உட்கார்ந்து உங்களுக்கு அதே மாதிரி ஆணை அனுப்பினால், அதையும் நீங்கள் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்த வேண்டும்.

இப்போது என் கோரிக்கை. இன்று இரவு உங்கள் பணிநேரத்தில் யாரையாவது கொண்டுவந்தால் பெயரைக் கேளுங்கள். தகப்பன் பெயர், ஊர், நேரம், கொண்டுவந்த வண்டி, கொண்டுவந்தவர் யார், உடம்பில் காயம் இருக்கிறதா, எல்லாவற்றையும் பிழையில்லாமல் எழுதுங்கள். எழுத வேண்டாம் என்று சொன்னால் வேறொரு தாளில் எழுதி வையுங்கள். காலையில் ஓர் அம்மா வாசலில் வந்து நிற்பார். முதல் ஆளாக அவரைத் துரத்தச் சொல்லி உங்களைத்தான் அனுப்புவார்கள். போகும்போது மெதுவாக நடங்கள். அவர் பக்கத்தில் போய், உங்கள் பையன் இங்கேதான் இருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசலுக்கு வெளியே நிற்கும் ஒருவன்